பன்னிரண்டு யூனிட்

போன மாதம் லிவர்மோர் சிவா-விஷ்ணு கோயிலில் பிரசாத வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற பெண் பேச்சுக் கொடுத்தாள். தேனிப் பக்கமாம். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி. கல்யாணமாகி இங்கே வந்து ஆறு வருஷம், இரண்டு பிள்ளைகள். கணவரின் வேலை விசாவை ஒட்டி வரும் எச்-4 விசாவில் வேலை பார்ப்பதற்கான இ.ஏ.டி. அட்டை அப்போதுதான் கைக்கு வந்திருந்தது.

"எல்லாரும் பன்னிரண்டு யூனிட் முடிச்சிடுன்னு சொல்றாங்கக்கா. சேர்ந்துடட்டுமா?"

சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் இருக்கும் தமிழ்ப் பெண்களுக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் பிரீஸ்கூல் ஆசிரியையாக வேலை பார்க்க, குழந்தைகள் கல்வியில் 12 யூனிட் பாடம் படித்திருக்க வேண்டும். மூன்று யூனிட் வகுப்பு நான்கு. பக்கத்திலிருக்கும் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருஷ அரசுக் கல்லூரியில், பெரும்பாலும் ஆன்லைனிலேயே, இரண்டு செமஸ்டரில் முடித்துவிடலாம். நம்மூர்ப் பட்டத்தோடு வந்து வருஷக்கணக்கில் வீட்டில் இருந்தவர்களுக்கு வேலைக்குப் போக இதுதான் முதல் வழி. நானும் அந்த வழியாகத்தான் போனேன்.

வரிசை நகர்ந்துகொண்டிருந்தது. அவளுக்கு அங்கே வைத்து முழுசாகப் பதில் சொல்ல முடியவில்லை. அன்று சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் விருதுநகர் பக்கம். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. 2011-இல் சான்டா கிளாராவுக்கு வந்தேன். எச்-4 விசாவில் வருபவர்களுக்கு அப்போது வேலை பார்க்க அனுமதியே கிடையாது. கிரீன் கார்டு வரிசையில் ஒரு கட்டத்தைத் தாண்டியவர்களின் துணைவருக்கு வேலை அனுமதி என்ற விதி 2015 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. ஆனால் படிக்கத் தடை இல்லை. கலிஃபோர்னியாவில் ஒரு வருஷத்துக்கு மேல் குடியிருந்ததற்கு ஆதாரம் காட்டினால் எச்-4 விசாக்காரர்களுக்கும் உள்ளூர்க் கட்டணம்தான். யூனிட்டுக்கு 46 டாலர். 2012-லிருந்து இதே தொகைதான். வெளியூர்க்காரர் என்றால் பல மடங்கு ஆகும்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது அவருக்குத் தாங்கவில்லை. "டிகிரி முடிச்சவ, மறுபடி முதல்ல இருந்தாடி? அது என்ன காலேஜு, யார் போனாலும் சேத்துக்கிறாங்கங்கிற?" யார் போனாலும் சேர்த்துக்கொள்வார்கள் என்பது அவருக்குக் குறையாகப் பட்டது. கட்-ஆஃப் மார்க்கையும் கவுன்சிலிங்கையும் பார்த்து வளர்ந்த நமக்கெல்லாம் அப்படித்தான் படும். ஆனால் இந்தக் கல்லூரிகளை உண்டாக்கியதே அதற்காகத்தான். இல்லினாய் மாநிலத்தில் 1901-இல் தொடங்கிய ஜோலியட் ஜூனியர் காலேஜிலிருந்து இன்று நாடு முழுக்க ஏறக்குறைய ஆயிரம் கல்லூரிகள் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் மட்டும் 116. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர், பிள்ளை வளர்த்துக்கொண்டே படிப்பவர், ராணுவத்திலிருந்து திரும்பியவர், என்னைப்போல வேறு நாட்டுப் பட்டத்தை வைத்துக்கொண்டு திணறுபவர் என்று எல்லோருக்கும் இங்கே இடம் உண்டு. நம்மூரில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு நேராக இரண்டாம் வருஷ பி.இ.யில் சேர்கிறார்கள் இல்லையா, அதேபோல இங்கே இரண்டு வருஷம் படித்துவிட்டுப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன். 12 யூனிட்டுக்கு 552 டாலர். இ.ஏ.டி. வந்ததும் ஒரு பிரீஸ்கூலில் மணிக்கு 14 டாலருக்குச் சேர்ந்தேன். வாரம் 40 மணி நேரம். வரிக்கு முன்னால் பார்த்தால், கட்டிய பணம் முதல் வாரச் சம்பளத்திலேயே திரும்பிவிட்டது. போட்ட முதலுக்கு என்ன வருமானம் என்று மட்டும் பார்த்தால் இதைவிட நல்ல படிப்பு உலகத்திலேயே இருக்காது.

அந்தக் கணக்கு என்னைக் கொஞ்ச காலம் அங்கேயே உட்கார வைத்துவிட்டது. வேலை பிடித்திருந்தது, பொய் சொல்லவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியை. மதியம் பன்னிரண்டரைக்குக் குட்டிக் கட்டில்களை வரிசையாகப் போட்டு, திரையை இழுத்துவிட்டு, தூங்க மறுக்கும் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே அடுத்த பிள்ளையின் போர்வையைக் காலால் இழுத்துச் சரிசெய்வேன். மாலையில் நிமிர்ந்தால் இடுப்பு விட்டுப்போகும். அங்கே வேலை பார்த்து முடிக்கும்போதுகூட 14 டாலர் 16.50 ஆகத்தான் ஆகியிருந்தது. ஒருநாள் பக்கத்து அறை ஆசிரியை, பத்தொன்பது வருஷம் சர்வீஸ் உள்ளவர், தன் சம்பளச் சீட்டைக் காட்டினார். என்னைவிட மணிக்கு நாலு டாலர்தான் கூட. அன்று வீட்டுக்குப் போய் வெகுநேரம் தூக்கம் வரவில்லை. நான் ஏறிக்கொண்டிருந்த ஏணிக்கு மொத்தமே இரண்டு படிதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இந்த நாடு தரும் மதிப்பு அவ்வளவுதான். அரசின் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் வெளியிட்ட 2023-ஆம் வருஷக் கணக்கில் பிரீஸ்கூல் ஆசிரியர்களின் இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்) ஆண்டுக்கு 37,130 டாலர். அதே கணக்கில் பதிவு பெற்ற நர்ஸுக்கு 86,070. இரண்டுக்கும் கம்யூனிட்டி காலேஜில் பாடம் உண்டு, இரண்டுக்கும் யூனிட்டுக்கு அதே 46 டாலர்தான். இதில் எனக்கு ஆற்றாமை உண்டு. மூன்று வயசுப் பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது சின்ன வேலை என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் வாடகை கட்டுகிறவள் அதை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க முடியாதே.

நர்ஸிங் பற்றி எனக்கு முதலில் சொன்னது வகுப்பில் படித்த ஒரு பிள்ளையின் பாட்டி. பிலிப்பைன்ஸ்காரர், ஆஸ்பத்திரி உடுப்போடு நேரே வந்து பேரனைக் கூட்டிப்போவார். இரண்டு வருஷம் படித்த நர்ஸும் நாலு வருஷம் படித்த நர்ஸும் எழுதுவது என்கிளெக்ஸ் என்ற ஒரே லைசென்ஸ் பரீட்சை, வாங்குவது பதிவு பெற்ற நர்ஸுக்கான ஒரே ஆர்.என். லைசென்ஸ் என்று அவர் சொன்னபோது நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். உண்மைதான்.

உடனே சேர முடியாது. அனாடமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ், இங்கிலீஷ் எல்லாம் முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும். ஊர்ப் பட்டத்தை மதிப்பீட்டுக்கு அனுப்பினேன். பழைய லேப் பாடங்கள் செல்லாது, மறுபடி படி என்றார்கள். 2016-இல் மாலை வகுப்பில் அனாடமி சேர்ந்தேன். லேபில் நாலு பேருக்கு ஒரு பெட்டி எலும்பு கொடுப்பார்கள். ஒவ்வொன்றையும் கையில் உருட்டிப் பார்த்து எந்தப் பக்கத்து எலும்பு, இந்த மேடு பேரென்ன, இந்தத் துளை வழியாக எது போகிறது என்று சொல்ல வேண்டும். வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது என் மணிக்கட்டை நானே தடவித் தடவி எட்டு எலும்பையும் மனப்பாடம் பண்ணினேன். பையன் கேள்வி கேட்பான், நான் பதில் சொல்வேன். அவனுக்கு அப்போது ஆறு வயசு.

எல்லாம் முடித்து விண்ணப்பம் போட்டால், அடுத்தது குலுக்கல். தகுதி பெற்றவர்கள் இருக்கும் இடங்களைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் சில கல்லூரிகளில் மதிப்பெண் கூட்டிப் பார்ப்பார்கள், சிலவற்றில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். நான் விண்ணப்பித்த இடத்தில் குலுக்கல்தான். முதல் தடவை என் பெயர் வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் காரில் உட்கார்ந்து அந்த மின்னஞ்சலைப் படித்தேன். இரண்டாவது தடவை, 2019-இல் வந்தது.

பின்னாளில் ஒரு ஆய்வைப் படித்தபோது அந்தக் குலுக்கல் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. படித்தவர்கள் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று சொல்வது சுலபம். படிப்பினாலா, அவர்கள் இயல்பிலேயே முனைப்பானவர்கள் என்பதாலா என்று பிரிப்பதுதான் கஷ்டம். குலுக்கலில் அந்தச் சிக்கல் கிடையாது. பெயர் வந்தவர், வராதவர் இரண்டு பேரும் ஒரே தகுதி, அதிர்ஷ்டம் மட்டும்தான் வேறு. மைக்கேல் கிராஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் கலிஃபோர்னியாவின் ஒரு கம்யூனிட்டி காலேஜில் நடந்த நர்ஸிங் குலுக்கல்களை எடுத்து, இரண்டு பக்கத்தினரின் சம்பளத்தையும் பல வருஷம் தொடர்ந்து பார்த்து, 2020-இல் வெளியிட்டார். நர்ஸிங்கில் சேர்ந்தவர்களின் வருமானம் 44 சதவீதம் கூடியிருந்தது. என் பெயர் வராமல்போன வருஷத்தை நினைத்துக்கொண்டேன். அன்று என்னோடு பெயர் வராமல் போன எத்தனை பேர் மறுபடி விண்ணப்பித்திருப்பார்கள்?

படிப்பு பாதியில் இருக்கும்போது கோவிட் வந்தது. 2020 மார்ச்சில் ஆஸ்பத்திரிகள் மாணவர்களை உள்ளே விடுவதை நிறுத்திவிட்டன. பொம்மைகளை வைத்தும் திரையில் பார்த்தும் கொஞ்ச காலம் ஓட்டினோம். 2021-இல் முடித்தேன். என்கிளெக்ஸ் பரீட்சையில் 75-ஆவது கேள்வியோடு திரை அணைந்தது. முடிவு தெளிவானதும் கம்ப்யூட்டரே பரீட்சையை நிறுத்திவிடும். நன்றாக எழுதினாலும் அப்படி அணையும், மோசமாக எழுதினாலும் அணையும். முடிவு வரும்வரை சாப்பாடு இறங்கவில்லை.

வேலையும் நினைத்த வேகத்தில் கிடைக்கவில்லை. லைசென்ஸ் ஒன்றுதான் என்றாலும், இந்தப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிகள் பலவும் நாலு வருஷப் பட்டம் உள்ளவர்களைத்தான் முதலில் கூப்பிடுகின்றன. நாலு மாதம் அலைந்து ஒரு முதியோர் பராமரிப்பு நிலையத்தில் சேர்ந்தேன். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு மாறி, வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் பி.எஸ்.என். என்ற நர்ஸிங் இளநிலைப் பட்டத்தை முடித்தேன். அதற்கான ஃபீஸில் பெரும்பகுதியை வேலை கொடுத்தவர்களே கட்டினார்கள். இதையும் சேர்த்துத்தான் திட்டமிட வேண்டும். இரண்டு வருஷப் படிப்பு என்று விளம்பரத்தில் போட்டிருக்கும். முன்தேவைப் பாடம், காத்திருப்பு எல்லாம் சேர்த்து எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று.

ஆன செலவு என்ன? ஏறக்குறைய 75 யூனிட், 3,450 டாலர். புத்தகம், உடுப்பு, தடுப்பூசி, பின்னணிச் சோதனை, பரீட்சைக் கட்டணம் என்று இன்னொரு நாலாயிரம். ஆனால் உண்மையான செலவு இதில் எதுவுமே இல்லை. நர்ஸிங் வகுப்பும் ஆஸ்பத்திரிப் பயிற்சியும் தொடங்கியதும் பிரீஸ்கூல் வேலையை விட வேண்டியிருந்தது. வருஷத்துக்கு 33,000 வீதம் இரண்டு வருஷச் சம்பளம் போயிற்று. வீட்டுக்காரர் சம்பளத்தில் வாடகை ஓடியதால் நான் தாக்குப்பிடித்தேன். கம்யூனிட்டி காலேஜ் சல்லிசு என்று சொல்பவர்கள் எல்லோரும் ஃபீஸை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்து அனாடமி படித்த பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. என்னைவிடக் கெட்டிக்காரி. மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பம், தனியாக ஒரு மகளை வளர்த்துக்கொண்டிருந்தாள், இரவில் கிடங்கில் வேலை. ஃபிசியாலஜி செமஸ்டர் நடுவில் அவள் காரின் டிரான்ஸ்மிஷன் போயிற்று. இரண்டு பஸ் மாறி வந்து பார்த்தாள். மூன்று லேப் தவறியது. அதற்கப்புறம் வரவே இல்லை. அவளுடைய குறிப்பு நோட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது, திருப்பித் தர முகவரி தெரியாது.

இப்படிப் பாதியில் நிற்பவர்கள்தான் அதிகம் நஷ்டப்படுகிறவர்கள். நேரமும் போய், பணமும் போய், கையில் காட்ட ஒன்றும் இருக்காது. அவர்களை நிறுத்துவது பாடம் அல்ல என்பதற்கு நியூயார்க்கில் நல்ல ஆதாரம் இருக்கிறது. நகரப் பல்கலைக்கழகமான கியூனி 2007-இல் அசாப் என்று ஒரு திட்டம் தொடங்கியது. முழுநேரம் படிக்க வேண்டும், பதிலுக்கு மெட்ரோ கார்டு, புத்தகச் செலவு, அடிக்கடி கூப்பிட்டு விசாரிக்கும் ஆலோசகர். மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் பட்டம் முடித்தவர்கள் சாதாரணமாக 22 சதவீதம், திட்டத்தில் இருந்தவர்கள் 40 சதவீதம். ஒரு பஸ் பாஸும், "நேத்து ஏன் வரலை?" என்று கேட்க ஒரு ஆளும் இருந்தால் இத்தனை பேர் கரை ஏறுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் இருந்திருந்தால் இன்று என்னோடு நைட் டியூட்டி பார்த்துக்கொண்டிருப்பாள்.

இனி சான்றிதழ் படிப்புகள். கோயிலில் கேட்ட பெண்ணைப் போன்றவர்களுக்கு முக்கியமான விஷயம் இதுதான். கென்டக்கி மாநிலத்தில் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களின் சம்பளத்தைப் படிப்புக்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2014-இல் வந்தது. ஜெப்சன், ட்ராஸ்கே, கூம்ஸ் என்ற மூன்று பேர் செய்தது. அசோசியேட் என்ற இரண்டு வருஷப் பட்டமோ டிப்ளமோவோ முடித்த பெண்களின் வருமானம் மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 2,400 டாலர் கூடியிருந்தது. ஆண்களுக்கு 1,500. குறுகிய காலச் சான்றிதழுக்குக் கிடைத்தது இதைவிட மிகக் குறைவு. துறைக்குத் துறை வித்தியாசம் பெரிசு. கலிஃபோர்னியாவில் தொழிற்படிப்புகளை வைத்துச் செய்த இன்னொரு ஆய்விலும் பலன் 14 சதவீதத்திலிருந்து 45 வரை விரிந்து கிடந்தது, அதில் மேலே நின்றது மருத்துவத் துறை.

ஆக, 'அசோசியேட் டிகிரி முடித்தால் வாரத்துக்கு 1,058 டாலர், பள்ளிப் படிப்போடு நின்றால் 899' என்று 2023-ஆம் வருஷ அரசுக் கணக்கைக் காட்டி யாராவது பேசினால், அந்த ஒரே எண்ணுக்குள் நர்ஸும் இருக்கிறார், பிரீஸ்கூல் ஆசிரியையும் இருக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டு வருஷம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல் மருத்துவமனையில் பற்களைச் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட்டும் அசோசியேட் பட்டக்காரர்தான், 2023-இல் இடைநிலைச் சம்பளம் 87,530. அதே ஆஸ்பத்திரி வளாகத்தில், சில வாரப் பயிற்சியோடு வரும் நர்ஸிங் அசிஸ்டென்ட்டுக்கு 38,200. நான் பார்த்தவரை, சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் செய்ய முடியாத வேலை, அந்த லைசென்ஸ் பரீட்சைக்கு உட்காரக் கல்லூரியின் பாடத்திட்டம் கட்டாயம், அதோடு நீண்ட லேப் பயிற்சி என்று மூன்றும் சேர்ந்து வரும் இடத்தில் சம்பளமும் சேர்ந்து வருகிறது. லைசென்ஸ் மட்டும் போதாது. சில வாரத்தில் வாங்கிவிடலாம் என்றால் எல்லோரும் வாங்கிவிடுவார்கள்.

தனியார் பயிற்சி மையங்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மெடிக்கல் அசிஸ்டென்ட் சான்றிதழுக்கு எங்கள் குடியிருப்பில் ஒரு பெண் கடன் வாங்கி 17,000 டாலர் கட்டினாள். கம்யூனிட்டி காலேஜில் 30 யூனிட் என்று வைத்தாலும் 1,380 டாலர். வேலை கிடைத்தபோது இரண்டு சான்றிதழுக்கும் ஒரே சம்பளம். அவள் இன்னும் கடன் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. மின்னுகிற விளம்பரத்தைப் பார்த்ததும் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜின் இணையதளத்தில் அதே படிப்பு இருக்கிறதா என்று ஐந்து நிமிஷம் தேடுங்கள், போதும்.

பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டேவிஸ், இர்வைன், சான்டா பார்பரா உட்பட ஆறு வளாகங்கள், கம்யூனிட்டி காலேஜிலிருந்து குறிப்பிட்ட மதிப்பெண்ணோடு வரும் மாணவர்களுக்கு இடம் உத்தரவாதம் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியேகோவில் அந்த உத்தரவாதம் இல்லை. யூசியில் வருஷத்துக்கு 14,000 டாலருக்கு மேல் கட்டும் இடத்தில் முதல் இரண்டு வருஷம் 1,380 வீதம் கட்டினால் போதும். கடைசியில் வருவது அதே யூசி பட்டம். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று பிள்ளையைக் கடனில் தள்ளாதீர்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் பெல் கிராண்ட் என்ற அரசு உதவியும் உண்டு, வருஷத்துக்கு 7,395 டாலர் வரை. எச்-4 விசாவில் இருப்பவர்களுக்கு அது கிடையாது.

அந்தத் தேனிப் பெண்ணுக்கு மறுநாள் போன் செய்தேன். எத்தனை மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறாய், வீட்டுக்காரர் சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவார், இன்னும் எத்தனை வருஷம் இதே ஊரில் இருப்பீர்கள், இ.ஏ.டி. எப்போது முடிகிறது என்று கேட்டேன். பிரீஸ்கூல் வேலை உனக்குப் பிடிக்குமா என்றும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு லேப்தான்கா பிடிக்கும்" என்றாள். எம்.எஸ்சி.யில் அகர் தட்டில் பாக்டீரியா வளர்த்ததைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினாள். பேசும்போது அவள் குரலே மாறியிருந்தது.

போன வாரம் மறுபடி கூப்பிட்டாள். அனாடமிக்குப் பதிவு செய்யப் போனால் வகுப்பு நிரம்பிவிட்டதாம்.

"வெயிட்லிஸ்ட்ல ஒன்பதாவது இடம்கா. கிடைக்காதுல்ல?"

ஒன்பது ஒன்றும் மோசமில்லை. முதல் நாள் வகுப்புக்கு எப்போதும் ஏழெட்டுப் பேர் வரமாட்டார்கள். வெயிட்லிஸ்ட்டில் முன்னால் இருப்பவர்களிலும் சிலர் வரமாட்டார்கள். வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புரொஃபசர் பட்டியல் வரிசையில், வகுப்பில் பதிவு செய்துகொள்ள ஆட் கோடு கொடுப்பார். திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கே போய் முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறேன். சின்னவனை அன்று நான் பார்த்துக்கொள்கிறேன்.